உப்பேற்றிய எடை

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களே கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். உயிர் பிழைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொண்டு, அங்கிருந்த எடை மெஷினை ஒரு மாதமாக ஏமாற்றியவன் நான். மெஷின் ஏமாந்தது. சிஸ்டர் ஏமாந்தாள். ஏமாறாமல் இருந்தது என் நுரையீரல் ஒன்றுதான்.

தாராவியில் பச்சைத்தோல் கிடங்கில் எனக்கு எடை பார்க்கும் வேலை. சேரும் மணங்கும் போய்க் கிலோ வந்த புதிது. எடைக்கல் மாறினாலும் ஏமாற்று மாறவில்லை. தோல் கொண்டுவருகிறவன் உப்பை அள்ளித் தடவி, தண்ணீர் தெளித்து, சுருட்டிக் கட்டிக் கொண்டுவருவான். உப்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும். இரண்டு நாளானாலும் எடை இறங்காது. சுருளைப் பிரித்து, உதறி, மடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்து, "இதுல மூணு கிலோ உப்பு, தண்ணி. கழிச்சுக்கிடுங்க" என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். பதினெட்டு வருஷம் அந்த வேலை பார்த்திருக்கிறேன். கிடங்கில் என்னை ஏமாற்றியவன் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரும் அவமானத்தின் அளவு உங்களுக்குத் தெரியட்டும் என்று சொல்கிறேன்.

இருமல் எனக்குப் பழைய கூட்டாளி. தோல் நாற்றத்தில் இருமாதவன் யார் என்று நாலு வருஷம் ஓட்டினேன். பிறகு காலையில் எழுந்து குனிந்தால் ஒரு கோப்பைச் சளி வர ஆரம்பித்தது. நாற்றம் என்றால், கிடங்கு ஆட்களே மூக்கைப் பொத்தும் நாற்றம். தோல் கிடங்கில் ஒருவனைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறார்கள் என்றால் அவன் எந்த நிலையில் இருப்பான் என்று யோசித்துப் பாருங்கள். விரல் நுனிகள் உருண்டு பெருத்தன. கைலிச் சாரம் இடுப்பில் நிற்காமல் பச்சை பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டேன். என் மனைவி ரகமத்து அந்த ஓட்டைகளைப் பார்த்த அன்றுதான் என்னை இழுத்துக்கொண்டு சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே முதல் நோய் காத்திருப்பது. சீட்டு வாங்க ஒரு வரிசை, சீட்டைக் காட்ட ஒரு வரிசை, காட்டிய பிறகு உட்கார ஒரு பெஞ்சு. பெஞ்சில் நான் இருமினால் இரண்டு பக்கமும் இடம் காலியாகும். "நல்லதாப் போச்சு, காலை நீட்டிக்கிடுங்க" என்றாள் ரகமத்து. எல்லோரும் நினைத்ததுபோல் நானும் டி.பி. என்றே நினைத்தேன். மூன்று நாள் சளி கொடுத்தேன். அந்தக் கிருமி இல்லை. பிறகு ஒரு குழாயை மூக்கு வழியாக இறக்கி, எண்ணெய் மாதிரி ஒரு மருந்தை நுரையீரலுக்குள் ஊற்றி, இப்படித் திரும்பு அப்படித் திரும்பு என்று புரட்டி எக்ஸ்ரே எடுத்தார்கள். அன்று நான் தமிழ், உருது, ஹிந்தி மூன்றிலும் அழுதேன்.

படத்தை எனக்குக் காட்டி விளக்கியவர் சின்ன டாக்டர். பெரிய டாக்டர் வாரத்துக்கு ஒருமுறை கப்பல் மாதிரி வந்து போவார். மற்ற நாளெல்லாம் இவர்தான். மாட்டுங்காவில் குடியிருக்கும் தமிழ் ஐயர் வீட்டுப் பிள்ளை. இருபத்தெட்டு வயசிருக்கும்.

"மைதீன் பாய், இது பிராங்கியெக்டேசிஸ். மூச்சுக் குழாய் இருக்கோல்லியோ, அது அங்கங்கே பழுதாகி, பை மாதிரி விரிஞ்சுபோயிடுத்து. பையில சளி தேங்கறது. தேங்கினது அழுகறது. இடது பக்கம் அடிப்பகுதி மட்டும்தான். மத்ததெல்லாம் நன்னாருக்கு."

"மத்ததெல்லாம் நல்லாருந்தா கெட்டதை மட்டும் வெட்டி எறிய முடியாதா சார்?" தோல்காரன் புத்தி. ஓரம் கெட்ட தோலை நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

அவர் சிரிக்கவில்லை. "முடியும். ஆனா உங்களை இப்போ வெட்டினா தாங்க மாட்டேள்" என்றார்.

பிறகு இரண்டு எண்களைச் சொன்னார். அந்த இரண்டும்தான் அடுத்த பல மாதங்களுக்கு என் ஜாதகம். ஒன்று எடை. வார்டில் அப்போது பவுண்டு கணக்கு. நான் எண்பத்து நாலு. நூறாவது வேண்டும் என்றார். இன்னொன்று ஈ.எஸ்.ஆர். கையில் ரத்தம் எடுத்து, உறையாமல் இருக்க ஒரு மருந்தைக் கலந்து, நீளமான மெல்லிய கண்ணாடிக் குழாயில் நிரப்பி நிறுத்திவைப்பார்கள். ஒரு மணி நேரத்தில் சிவப்பு அடியில் இறங்கி, மேலே மஞ்சள் தண்ணீர் தெளியும். சிவப்பு எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்பதுதான் எண். உடம்புக்குள் எங்காவது புண் வெந்துகொண்டிருந்தால், டாக்டர் பாஷையில் அழற்சி இருந்தால், சிவப்பு வேகமாக இறங்கும். எனக்கு அறுபத்தெட்டு. இருபதுக்குக் கீழே வர வேண்டும்.

"உள்ளே ஒரு அடுப்பு எரிஞ்சுண்டே இருக்கு. நீங்க சாப்பிடறதை முதல்ல அது தின்னுடறது. மிச்சம் இருந்தாத்தான் உங்களுக்கு. பெனிசிலின் போட்டு அடுப்பை நாங்க தணிக்கறோம். சாப்பாடு உங்க வேலை. ஆறு வாரம். அதுக்குள்ள எடை ஏறலைன்னா பெரியவர் ஆபரேஷனுக்கு ஒத்துக்க மாட்டார். இருமல் மருந்தோட ஆத்துக்கு அனுப்பிடுவார்."

வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் சந்திலேயே மரம் அறுக்கும் கடையில் இருந்தவர். அவர் குடித்த இருமல் மருந்து பாட்டில்கள் மட்டும் இன்னும் ஜன்னலில் வரிசையாக நிற்கின்றன.

ஆகவே வார்டில் படுத்தேன். காலையும் மாலையும் கட்டிலின் கால் பக்கத்தைச் செங்கல் வைத்து உயர்த்திவிட்டு, என்னைத் தலைகீழாகச் சரித்து முதுகில் தட்டுவார்கள். பையில் தேங்கியது வாய் வழியாக இறங்கும். அதைக் கண்ணாடி ஜாடியில் பிடித்துவைத்தால் சற்று நேரத்தில் மேலே நுரை, நடுவே தண்ணீர், அடியில் சீழ் என்று மூன்று தட்டாகப் பிரியும். பார்க்க ஃபலூதா மாதிரி இருக்கும். அதைப் பார்த்த பிறகு வாழ்நாளில் ஃபலூதா குடித்ததில்லை. அந்தக் குமட்டல் அடங்குவதற்குள் சாப்பாட்டு வண்டி வந்துவிடும். வாய் முழுக்கச் சீழ்ச்சுவை. சோற்றைப் பார்த்தாலே வயிறு எழுந்து வாசலுக்கு வந்து நிற்கும். இரண்டு கவளம் உள்ளே போனால் இருமல் வந்து மூன்றைத் திருப்பிக் கொடுக்கும்.

ரகமத்து தினமும் நாலு மணிக்கு வருவாள். தாராவியிலிருந்து பஸ் மாறி, டிபன் கேரியரைச் சேலைத் தலைப்பில் சுற்றி, சூடு ஆறாமல் கொண்டுவருவாள். மேல் தட்டில் இரண்டு முட்டை, நடுவில் கஞ்சி, கீழே ஆட்டுக்கால் சூப். கால் எலும்பு கிடங்கு ஆட்கள் கசாப்புக் கடையில் சொல்லிவைத்து அனுப்புவது. முட்டை பக்கத்து வீட்டுக் கோழியுடையது. வீட்டில் மூன்று பிள்ளைகள் காத்திருக்கும் என்பதால் அவளால் அதிக நேரம் உட்கார முடியாது. முந்தின நாள் கேரியரை எடுத்துக்கொண்டு, "முட்டை ரெண்டையும் தின்னுருங்க. ஒண்ணை நாளைக்குன்னு வைக்கப்படாது" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

அவள் படியிறங்கியதும் நான் பக்கத்துக் கட்டிலைப் பார்ப்பேன்.

பக்கத்துக் கட்டிலில் கோவிந்த். மில்லில் நூல் ஓட்டுகிறவன், சாத்தாரா பக்கத்து ஆள், எனக்கு இருக்கும் அதே நோய் அவனுக்கு வலது பக்கம். குடும்பம் ஊரில். பார்க்க வருகிறவர் யாருமில்லை. இருமினாலும் துப்பினாலும் பசி மட்டும் குறையாத பாக்கியவான்.

"அரே சாச்சா, சாச்சி கொண்டுவந்தது ஆறிப்போகுது" என்பான்.

"நீயே சாப்பிடு பாய். எனக்கு இறங்கல."

"நாளைக்கு நீங்க சாப்பிடணும், ஆமா" என்பான், எலும்பை உறிஞ்சிக்கொண்டே.

எடை பார்ப்பது திங்கட்கிழமை காலை. முதல் வாரம் எண்பத்து மூன்று. சிஸ்டர் எழுதிய எண்ணைப் பார்த்ததும் மரக்கடைக்காரர் ஜன்னல் என் கண்ணில் வந்து நின்றது. அப்போதுதான் பதினெட்டு வருஷ அனுபவம் வேலை செய்தது. தோலுக்கு நடப்பது தோலுக்குள் இருக்கிறவனுக்கும் நடக்கும்தானே?

"ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுல உப்பே இல்ல. ஒரு பொட்டலம் உப்பும், கருவாடும், ஊறுகாயும் கொண்டா" என்றேன். நான் வாய்விட்டு ஒன்றைக் கேட்டுவிட்டேன் என்று ரகமத்துவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவள் முகத்தைப் பார்த்து நான் அப்போதே வெட்கப்பட்டிருக்க வேண்டும்.

கருவாட்டைச் சப்பி, உப்பைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன். திங்கட்கிழமை விடிந்ததும் இரண்டு கூஜா தண்ணீர். எடை பார்க்கும்வரை ஒண்ணுக்குப் போகக் கூடாது. எனக்கு முன்னால் பதினோரு பேர் நிற்பார்கள். கால்மாற்றிக் கால்மாற்றி நான் நின்ற நிலையைப் பார்த்து சிஸ்டர், தெம்பு வந்துவிட்டது, ஆடுகிறார் என்று நினைத்தாள். எண்பத்தாறு. அடுத்த வாரம் எண்பத்தொன்பது. பிறகு தொண்ணூற்றொன்று. ரகமத்து குழாயடியில் எல்லோரிடமும் எண்ணைச் சொல்லியிருக்கிறாள். முட்டை இரண்டு நாலானது. கோவிந்தின் கன்னம் உப்பியது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் யாரையும் ஏமாற்றுவதாக அப்போது நினைக்கவில்லை. அந்த எண்தான் வாசல் காவல்காரன். அவனைத் தாண்டிவிட்டால் உள்ளே போய்விடலாம், உள்ளே டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். களைத்துப்போன மனிதனின் புத்தி அப்படித்தான் போகிறது. எனக்கு அது முடிந்துவிட வேண்டும், அவ்வளவுதான். எப்படி என்பதில் அக்கறை போய்விட்டது.

கண்ணாடிக் குழாய் மட்டும் படியவில்லை. அறுபத்தெட்டு எழுபதானது, பிறகு எழுபத்து நாலு. "எடை ஏறறது, இது இறங்கலையே" என்று சின்ன டாக்டர் சார்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நான் கூரையைப் பார்ப்பேன்.

ஐந்தாவது திங்கள் தொண்ணூற்றைந்து. அன்று செருப்பு காலில் நுழையவில்லை. டாக்டர் என் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். எடுத்தபிறகும் குழி அப்படியே இருந்தது. தண்ணீர் ஏறிய தோலில் நான் ஆயிரம் தடவை பார்த்த குழி. கிடங்கில் அந்தக் குழியைக் கண்டதும் நான் ஜெயித்தேன் என்று அர்த்தம். டாக்டர் முகம் அப்படி இல்லை. அவர் என் கழுத்து நரம்பைப் பார்த்தார், இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார், ஒயர் வைத்து இதயத்தைப் படமெடுக்கச் சொன்னார்.

சாயங்காலம் ரகமத்துவை வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசினார்கள். திரும்பி வந்தவள் என் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். சரியாக இருந்த போர்வை.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. சூப்பு ஆறிப்போவும்." முகத்தைக் காட்டாமல் முந்தின நாள் கேரியரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கோவிந்த் வராந்தாப் பக்கமாகத் தண்ணீர் பிடிக்கப் போய் எல்லாம் கேட்டிருந்தான். அன்று அவன் சூப்பைத் தொடவில்லை. "சாச்சா, நுரையீரல் கெட்டு இப்ப இதயத்துக்கும் வந்துடுச்சுன்னு சந்தேகப்படறாங்க. அதான் கால் வீக்கமாம். பெரியவர் ஆபரேஷன் கிடையாதுன்னுட்டாராம். வீட்டுக்குக் கூட்டிப்போய் நல்லபடியா வெச்சுக்கங்கன்னு சாச்சிகிட்ட..." கேரியரை என் பக்கமாகத் தள்ளிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் சின்ன டாக்டர் வந்ததும் தலையணைக்கடியிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"இது என்ன?"

"என் இதயம் சார்" என்றேன். வேடிக்கையாகச் சொல்ல நினைத்தது அழுகையாக வந்துவிட்டது. தோல், கூஜா, கருவாடு, கோவிந்த் தின்ற முட்டை, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று பார்த்தேன். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, மறுபடி மடித்தார்.

"இன்னும் அஞ்சு பவுண்டு ஏறியிருந்தா, குழாய் எண் எப்படி இருந்தாலும் பரவாயில்லைன்னு நானே உங்களுக்காகப் பெரியவர்கிட்ட வாதாடியிருப்பேன். டேபிள்ல போட்டிருப்போம்" என்றார். "எடை எதுக்குப் பார்க்கறோம் தெரியுமா? பரீட்சை மார்க் இல்லை அது. சதை இல்லாதவனுக்குத் தையல் சேராது. புண் ஆறாது. வெட்டினப்புறம் இருமித் துப்பப் பலம் இருக்காது, சளி அடைச்சே போயிடுவான். நீங்க என்னைக் கொலைகாரனாக்கியிருப்பேள், மைதீன் பாய்."

உப்பு நின்றது. ஒரு வாரத்தில் வீக்கம் முக்கால்வாசி வடிந்தது. மிச்சத்துக்கு உப்பு காரணமில்லை என்றார்: உடம்பில் புரதச் சத்து குறைந்தால் தண்ணீர் ரத்தத்தில் தங்காமல் வெளியே கசியுமாம். அடுத்த திங்கள் மெஷின் எழுபத்தொன்பது காட்டியது. ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று இருந்ததைவிட ஐந்து குறைவு. இதயப் படத்தில் கோளாறு இல்லை. பெரியவரிடம் கெஞ்சி இன்னும் எட்டு வாரம் வாங்கிக் கொடுத்தார் சின்ன டாக்டர்.

அதே திங்கட்கிழமை கோவிந்துக்கு நூற்றாறு பவுண்டு, குழாயில் பதினாறு. பெரிய டாக்டர் அவன் முதுகில் தட்டி, மாணவர்களிடம் ஆங்கிலத்தில் ஏதோ புகழ்ந்தார். கீழே அறுவை வார்டுக்கு மாற்றினார்கள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாச்சியோட சூப்பு சாச்சா" என்றான். அவன் நன்றாகப் பிழைத்து மில்லுக்குத் திரும்பினான். என் மனைவி சமைத்து ஒரு நுரையீரல் நோயாளி பிழைத்தான் என்பது உண்மை, ஆள்தான் வேறு.

என் அறுவையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். எட்டு வாரம் பன்னிரண்டானது. நூற்றொன்று பவுண்டு, குழாயில் பதினெட்டு. இடது நுரையீரலின் அடிப்பகுதியை எடுத்தார்கள். விலாவில் ஒரு ரப்பர் குழாய், அதன் முனை பாட்டில் தண்ணீருக்குள். மூச்சு விட்டால் குமிழி வரும். இருமச் சொல்லிச் சித்திரவதை செய்தார்கள். இருமாதே என்று திட்டு வாங்கியவனை இருமு இருமு என்று திட்டினார்கள். தையல் சேர்ந்தது. இந்த நோயில் படுத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த இரண்டு எண்களும் உங்கள் பக்கம் நிற்கிற ஆட்கள், அவர்களிடம் பொய் சொல்லாதீர்கள் என்பதைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் எழுபத்தொன்பது காட்டிய அந்தத் திங்கட்கிழமைக்கு மறுநாள் ஒன்று நடந்தது. இதயத்தில் கோளாறில்லை என்பதை மட்டும் டாக்டர் ரகமத்துவிடம் சொல்லியிருந்தார். "மிச்சத்தை நீங்களே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டார்.

அவள் வந்து கேரியரைத் திறந்தாள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால் முட்டையைப் பார்த்துச் சொன்னேன். உப்பு எதற்கு என்று. சூப் எங்கே போனது என்று. குழாயடியில் அவள் சொன்ன எண்களெல்லாம் தண்ணீர் என்று.

"எத்தன நாளா?" என்றாள்.

"ஒரு மாசத்துக்கு மேல இருக்கும்."

"அந்த முட்டை, பெரியவன் ஒண்ணு கேட்டான். வாப்பாக்கு வேணும்னு அடிச்சேன்" என்றாள். திறந்த கேரியரைத் தட்டுத் தட்டாக அடுக்கி, கொக்கியை மாட்டி, எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் கூப்பிடவில்லை. கூப்பிட என்ன முகம் இருக்கிறது?

மறுநாள் நாலு மணிக்கு அவள் வரவில்லை. வார்டு நிறைந்தது. எல்லாக் கட்டிலுக்கும் ஆள் வந்தார்கள். நாலரை. அஞ்சு. கோவிந்தின் கட்டிலில் புதிதாக வந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார். எட்டு வாரம் எனக்கு இருந்தது. அதை வைத்துக்கொண்டு தனியாக என்ன செய்வது என்று தெரியவில்லை. சாப்பாட்டு வண்டி வந்தபோது நானே தட்டை வாங்கி ஒரு கவளம் பிசைந்தேன். அதுவும் வாய்க்குப் போகவில்லை.

அஞ்சரைக்கு வந்தாள். பெரிய பிள்ளையிடம் சின்னதுகளை ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறாள், அதனால் திரும்பப் போகும் அவசரம் இல்லை என்பது அவள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். முட்டையை உரித்துக் கஞ்சியில் போட்டு நசுக்கினாள். என்னைப் பார்க்கவே இல்லை.

வேடிக்கை பேசிப் பழகிய வாய் சும்மா இருக்கவில்லை. "ரகமத்து, புதுசா வந்திருக்காரே பக்கத்துக் கட்டில்காரர், அவருக்குப் பல்லே கிடையாது. இனிமே உனக்குப் பயமில்ல" என்றேன்.

அவள் கரண்டியில் கஞ்சியை எடுத்து ஊதினாள்.

"கோவமா இருக்கியா?"

இன்னொரு தடவை ஊதினாள்.

"எல்லாம் சரி, நான் பொழைச்சிருவேனா, சொல்லு" என்றேன்.

"வாயைத் தொறங்க" என்றாள்.